தீசிஸுக்கு எந்த டெஸ்ட்? டேட்டா எடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்

நர்சிங், எம்.டி., பொதுச் சுகாதாரம் என்று எந்தப் படிப்பாக இருந்தாலும் தீசிஸ் சமயத்தில் புள்ளியியல் பற்றிக் காதில் விழும் கேள்வி ஒன்றுதான்: "டேட்டா எடுத்து முடிச்சாச்சு, இனி என்ன டெஸ்ட் போடணும்?" நான் எம்.எஸ்சி. நர்சிங் முடித்தவள். நாகர்கோவிலில் இருந்துகொண்டு ஜூனியர்களின் தீசிஸ் வேலைக்கு உதவி வருகிறேன். யார் இப்படிக் கேட்டாலும், மாஸ்டர் சார்ட்டை (எல்லா டேட்டாவும் உள்ள பெரிய அட்டவணையை) திறப்பதற்கு முன் ஆய்வின் நோக்கத்தை எழுதிய வரியைக் காட்டச் சொல்வேன். எந்த டெஸ்ட் என்பதைப் பெரும்பாலும் அந்த வரியே சொல்லிவிடும்.

குலசேகரம், திருவட்டார் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டும் தொழிலாளர்களுக்கு முதுகுவலி மற்றவர்களைவிட அதிகமா என்பது உங்கள் நோக்கம் என்று வைத்துக்கொள்வோம். வலி உண்டு அல்லது இல்லை; பால்வெட்டுபவர் அல்லது வேறு வேலை பார்ப்பவர். இரண்டுமே வகை. இரண்டு குழுவிலும் இருப்பது வேறு வேறு ஆட்கள். அப்படியானால் கை ஸ்கொயர் (chi-square) டெஸ்ட். அதே வலியை 0 முதல் 10 வரை மதிப்பெண்ணாகக் கேட்டால் கதை மாறும். நிறையப் பேர் 0 என்றே சொல்வார்கள், எண்கள் ஒரு பக்கமாகக் குவிந்துவிடும். மான்–விட்னி போட வேண்டியிருக்கும். ரத்த அழுத்தம் போல ஓரளவு சீராகப் பரவும் அளவு என்றால் டி டெஸ்ட். மூன்று குழு வந்தால் டி டெஸ்டுக்குப் பதில் அனோவா, மான்–விட்னிக்குப் பதில் க்ருஸ்கல்–வாலிஸ். இதற்கெல்லாம் எந்தப் புத்தகத்திலும் அட்டவணை உண்டு.

அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டும் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே ஆளிடம் முன்னும் பின்னும் அளந்தால் என்ன செய்வது? குளச்சலில் 80 மீனவர்களுக்கு உப்பு, ரத்த அழுத்தம் பற்றி ஒரு வகுப்பு எடுக்கிறீர்கள். வகுப்புக்கு முன் சரியான பதில் சொன்னவர்கள் 30 பேர், பின் 45 பேர். உடனே கை ஸ்கொயர் போட்டால் கணினி மறுக்காமல் விடை தரும். ஆனால் அது உங்களிடம் 160 தனித்தனி ஆட்கள் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. இங்கே போட வேண்டியது மெக்னெமார். அது பதில் மாறியவர்களை மட்டுமே பார்க்கும்: தெரியாமல் இருந்து தெரிந்துகொண்டவர் 20 பேர், தெரிந்திருந்து பின்னால் தவறாகச் சொன்னவர் 5 பேர். வித்தியாசம் 15, அதன் வர்க்கம் 225, அதை 25-ஆல் வகுத்தால் 9. பி மதிப்பு (அர்த்தம் பின்னால் வரும்) சுமார் 0.003. கையாலேயே போட்டுவிடலாம். ஆனால் முன் தாளையும் பின் தாளையும் ஒரே வரிசை எண்ணில் இணைத்து வைக்காவிட்டால் இந்த 20-ஐயும் 5-ஐயும் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. அதனால்தான் டேட்டா எடுக்கும் முன்பே டெஸ்ட்டை முடிவு செய்யச் சொல்கிறேன்.

சரி, விடை வந்துவிட்டது. அதை எப்படிப் படிப்பது? பால்வெட்டுபவர் 100 பேரில் 40 பேருக்கு முதுகுவலி, மற்ற 100 பேரில் 25 பேருக்கு. (விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள்தான்.) கை ஸ்கொயர் 5.13, பி மதிப்பு 0.024. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் பல வரிகளைக் காட்டும். இது பியர்சன் வரியில் வருவது. அட்டவணைக்கு அடியில் உள்ள சிறு குறிப்பையும் படியுங்கள். 5-க்குக் குறையக் கூடாது என்பது எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கைக்கான விதி (வித்தியாசமே இல்லை என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் வர வேண்டிய எண்ணிக்கை அது). நீங்கள் எண்ணிய எண்ணிக்கை மட்டும் 5-க்குக் கீழே இருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை குறைந்தால் ஃபிஷர் எக்ஸாக்ட் போதும்.

இனி 0.024-க்கு என்ன அர்த்தம்? இரண்டு குழுவுக்கும் உண்மையில் வித்தியாசமே இல்லை என்றால், இவ்வளவு பெரிய அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வர 100-க்கு 2 அல்லது 3 வாய்ப்பு. அவ்வளவுதான். "என் முடிவு 97.6 சதவீதம் சரி" என்று வைவாவில் சொல்லிவிடாதீர்கள். பி மதிப்பு ஒரு கருதுகோள் உண்மையா என்பதன் வாய்ப்பையும் அளப்பதில்லை, விளைவின் அளவையும் சொல்வதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-லேயே அறிக்கை விட்டது.

அளவைத் தெரிந்துகொள்ள நம்பிக்கை இடைவெளியை, அதாவது டேட்டாவோடு ஒத்துப்போகும் வித்தியாசங்களின் எல்லையை, பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் வித்தியாசம் 15 சதவீதப் புள்ளி. 95 சதவீத இடைவெளி ஏறத்தாழ 2 முதல் 28 வரை. 2 என்றால் தோட்டத்தில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியதில்லை, 28 என்றால் அவசரம். இந்த ஆய்வால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தீசிஸில் அதை அப்படியே எழுதுங்கள், யாரும் மார்க்கைக் குறைக்க மாட்டார்கள். இன்னொன்று: இதே எண்களுக்கு ஆட்ஸ் ரேஷியோ (வலி உள்ளவர்–இல்லாதவர் விகிதத்தை இரு குழுவிலும் ஒப்பிடுவது) 2 வரும். உடனே "இரண்டு மடங்கு பேருக்கு வலி" என்று எழுதத் தோன்றும். 40-ஐ 25-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.6 மடங்குதான். வலி போல நிறையப் பேருக்கு இருக்கும் பிரச்சினைகளில் ஆட்ஸ் ரேஷியோ வித்தியாசத்தை மிகைப்படுத்தித்தான் காட்டும்.

பி மதிப்பு வழக்கமான எல்லையான 0.05-க்கு மேலே போனால் "வித்தியாசம் இல்லை" என்று எழுதும் பழக்கம் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஆள் குறைவாக இருந்ததால் தெரியாமல் போயிருக்கலாம். அங்கேயும் இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும்.

எந்த டெஸ்ட்டாலும் சரிசெய்ய முடியாதவையும் உண்டு. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை நாளில் பல தோட்டங்களில் பால்வெட்டு நடக்காது. "கடந்த 7 நாளில் வலி இருந்ததா" என்று அந்த வாரத்தில் போய்க் கேட்டால், ஓய்வில் இருந்தவரின் பதில்தான் கிடைக்கும். கடற்கரையில் வேறொரு சிக்கல். ஒரே ஊர்க்காரர்களின் சாப்பாடு, வேலை, பழக்கம் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். இரண்டு ஊரில் மட்டும் 200 பேரை எடுத்தால் அது 200 தனித்தனித் தகவலுக்குச் சமமாகாது. சாம்பிள் கணக்குப் போடும்போதே டிசைன் எஃபெக்ட் (இதை ஈடுகட்ட ஆள் எண்ணிக்கையைக் கூட்டும் கணக்கு) சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எத்திக்ஸ் கமிட்டிக்குத் தாள் போவதற்கு முன் புள்ளியியல் நிபுணரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கையில் நோக்கம் எழுதிய வரி, கேள்வித்தாள், அப்புறம் எண்கள் இல்லாத வெற்று அட்டவணைகள் இருக்கட்டும். முதன்மை விடை எது என்று அந்த அட்டவணைகளில் ஒன்றில் குறித்து வையுங்கள். 20 டெஸ்ட் போட்டால், எங்கும் வித்தியாசம் இல்லாவிட்டாலும் சராசரியாக ஒன்று 0.05-க்குக் கீழே வந்து நிற்கும். அதை முதன்மை முடிவாக எழுதாமல் இருக்க அந்தக் குறி உதவும். எஸ்.பி.எஸ்.எஸ். 0.000 என்று காட்டினால் 0.001-க்கும் குறைவு என்று எழுதுங்கள்.