ஒரே மந்திரவாதி, மூன்று சிவப்பு அங்கி

குட்டிப் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடிப்பது என் பொழுதுபோக்கு. நண்பன் ஒருவன் வீட்டில் ரெசின் பிரிண்டர், அதாவது திரவப் பிளாஸ்டிக்கில் பொம்மை அச்சடிக்கிற 3D பிரிண்டர், இருக்கிறது. அவனிடம் கேட்டு ஒரே மந்திரவாதி பொம்மையை மூன்று பிரதி எடுத்து வாங்கிக்கொண்டேன். நீளத் தாடி, கூரான தொப்பி, கையில் கோல், தோளிலிருந்து தரைவரை மடிப்பு மடிப்பாக விழுகிற அங்கி. மூன்றுக்கும் அதே சிவப்பு, அதே பிரஷ். மூன்றாவதை முடித்துவிட்டு முதலாவதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் வேறு வேறு ஆள் அடித்த மாதிரி இருந்தது. நடுவில் ஒரு பாட்டில் பெயிண்ட்கூடப் புதிதாக வாங்கவில்லை. பிரஷ்ஷில் எவ்வளவு தண்ணீர், பிரஷ்ஷை எந்தப் பக்கம் இழுக்கிறோம், இந்த இரண்டில் மட்டும்தான் கவனம் வைத்தேன்.

28 மில்லிமீட்டர் பொம்மை என்றால் கட்டைவிரலின் மேல்கணு உயரம்தான். அதில் மூக்கு, விரல், பெல்ட் பக்கிள் எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். பெயிண்டைப் பாட்டிலிலிருந்து எடுத்து அப்படியே பூசினால் இரண்டாவது கோட்டிலேயே பக்கிள் காணாமல் போய்விடும். முதல் மந்திரவாதிக்கு அதுதான் நடந்தது. அதனால்தான் தண்ணீர் கலந்து மெல்லிசாக இரண்டு மூன்று கோட் போடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். முதல் கோட் திட்டுத்திட்டாக, அடியில் இருக்கிற பிரைமர் (பெயிண்ட் ஒட்டுவதற்காக முதலில் பூசுகிற அடிப்பூச்சு) தெரிகிற மாதிரிதான் வரும், அதைப் பார்த்துப் பதறி உடனே மேலே மேலே பூசக்கூடாது, காயவிட்டு அடுத்த கோட் போட்டால் சமமாகிவிடும்.

சரி, ஆனால் தண்ணீர் கலந்த பெயிண்ட் தோய்ந்த பிரஷ்ஷை அப்படியே பொம்மையில் வைத்தால் மொத்தமும் ஓடிப்போய்ப் பள்ளத்தில் தேங்கும், காய்ந்த பிறகு ஓரத்தில் வளையமாகக் கறை நிற்கும். இரண்டாவது பிரதியில் முதுகுப்பக்கம் முழுக்க இந்த வளையங்கள்தான். பெயிண்டில் தோய்த்ததும் பிரஷ்ஷின் வயிற்றுப்பகுதியை டிஷ்யூ பேப்பரில் ஒருமுறை லேசாகத் தொட்டு எடுக்க வேண்டும். அதிகமான ஈரத்தைப் பேப்பர் இழுத்துக்கொள்ளும், பெயிண்ட் மயிரிலேயே நிற்கும், முனையும் கூர்மையாகச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும், விதிவிலக்கே கிடையாது. என் கைக்கு இது பழக ஒரு மாதம் ஆனது.

சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம், ஃபேன். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் தட்டில் இருக்கிற பெயிண்ட் ஐந்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும், ஃபேனை நிறுத்தினால் வியர்வை. வெட் பேலட்தான் வழி. மூடி போட்ட தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் ஈர ஸ்பான்ஜ், அதன்மேல் கேக் செய்யப் பயன்படுத்தும் பேக்கிங் பேப்பர், அவ்வளவுதான் சங்கதி. கலந்த நிறம் மூடி வைத்தால் மறுநாளும் அப்படியே இருக்கும். அப்புறம், மழைக்காலத்தில் ஸ்ப்ரே பிரைமர் வேண்டாம். நவம்பரில் மொட்டை மாடியில் வைத்து அடித்த பன்னிரண்டு எலும்புக்கூடு பொம்மைகள் மணல் ஒட்டிய மாதிரி சொரசொரவென்று ஆகி, முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. அந்த மாதங்களில் பிரஷ்ஷால் பூசுகிற பிரைமரைத்தான் பயன்படுத்துகிறேன்.

இப்போது அங்கிக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பெயிண்ட் தொடங்குவதற்கு முன்பே வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று முடிவு செய்ய வேண்டும். பொம்மை முழுக்கக் கறுப்பு பிரைமர், அது காய்ந்ததும் மேலிருந்து மட்டும் வெள்ளை. தோள், தொப்பி, மடிப்பின் மேடு எல்லாம் வெளுப்பாகவும் கையிடுக்கு, மடிப்பின் பள்ளம் எல்லாம் கறுப்பாகவும் நிற்கும். அந்த நிலையில் போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வேன். சிவப்பு ஏறி எல்லாம் மறைந்த பிறகு அந்தப் போட்டோதான் வரைபடம்.

சிவப்பை வெளிச்சமாக்க வெள்ளை கலந்தால் ரோஸ் ஆகிவிடும். ஆரஞ்சு கலக்க வேண்டும், உச்சி முனைகளுக்கு மட்டும் அதிலேயே கொஞ்சம் மஞ்சள் கலந்த தோல் நிறம். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், அழுக்கு மாதிரி தெரியும். சிவப்பிலேயே ஒரு துளி கரும்பச்சை கலந்து பாருங்கள், ஆழமான, கிட்டத்தட்ட காய்ந்த மிளகாயின் காம்புப் பக்கத்து நிறம் வரும்.

இந்த இரண்டு நிறமும் சேருகிற இடத்தில்தான் கோடு விழும். அதை அழிக்கத்தான் கிளேஸ். பெயிண்ட் ஒரு பங்கு, தண்ணீரும் மேட் மீடியமும் (நிறமோ பளபளப்போ இல்லாத பெயிண்ட் திரவம்) சேர்த்து ஐந்தாறு பங்கு. விரல் நகத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் நகம் தெரிய வேண்டும், நிறம் லேசாகப் படிய வேண்டும். பிரஷ்ஷை வைக்கிற இடத்தில் குறைவாகவும் எடுக்கிற இடத்தில் அதிகமாகவும் நிறம் படியும் என்பது எனக்கு வெகுநாள் தெரியவே தெரியாது. ஆகவே நிழல் நிறம் என்றால் மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் பிரஷ்ஷை எடுக்க வேண்டும், வெளிச்ச நிறம் என்றால் பள்ளத்தின் பக்கமிருந்து மேட்டை நோக்கி. மூன்றாவது மந்திரவாதியின் இடது தோளில் ஒரு மடிப்புக்கு இப்படிப் பதினோரு இழுப்பு போட்டேன், ஒவ்வொன்றும் காயும்வரை காத்திருந்து. எட்டாவதில் கோடு மங்கியது, பதினொன்றில் அது இருந்த இடமே தெரியவில்லை. அந்த ஒரு மடிப்புக்கு முக்கால் மணி நேரம். எனக்கு அது ரொம்பச் சந்தோஷமான முக்கால் மணி நேரம்.

பிரஷ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கண் வரைய வேண்டும் என்று மூன்று சைபர் போட்ட குட்டிப் பிரஷ் வாங்காதீர்கள், அதில் இருக்கிற துளி பெயிண்ட் பொம்மைக்குப் போய்ச் சேருவதற்குள் காய்ந்துவிடும். கோலின்ஸ்கி என்கிற மரநாய் வகை விலங்கின் மயிரில் 1 அல்லது 2ஆம் நம்பர், நல்ல முனை, போதும். விலை அதிகம்தான், ஆனால் பெயிண்ட் மயிரைப் பிடித்திருக்கும் உலோகப் பூண்வரை ஏறவிடாமல், முடித்ததும் சோப்பில் கழுவி முனையைக் கூராக்கி வைத்தால் வருடக்கணக்கில் உழைக்கும்.

சிட்டாடல் என்கிற பெயிண்ட் பிராண்ட் 2019இல் கான்ட்ராஸ்ட் பெயிண்டுகளைக் கொண்டுவந்த பிறகு ஒரே கோட்டில் நிழலும் வெளிச்சமும் கிடைக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விளையாட்டுக்கு நாற்பது எலும்புக்கூடு பொம்மை கொண்ட படைக்கு நானும் அதைத்தான் எடுப்பேன், அருமையான பொருள். ஆனால் அந்தப் பெயிண்ட் பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் உட்காரும், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது அதற்குத் தெரியாது. படைத்தலைவனுக்கு, மந்திரவாதிக்கு, கையில் எடுத்துப் பார்க்கப்போகிற ஒரு பொம்மைக்கு, அந்த முடிவை நான்தான் எடுக்க விரும்புகிறேன்.

நான்காவது பிரதிக்கும் நண்பனிடம் சொல்லியாகிவிட்டது. இந்த முறை மஞ்சள் அங்கி. மஞ்சள் கறுப்பின் மேல் லேசில் ஏறாது என்பதால், அடியில் முதலில் ரோஸ் பூசித் தொடங்கப் போகிறேன்.