கொசு எடுத்துப் போன அம்மை

அக்டோபர் 8

சித்தப்பா வீட்டு உம்பளாச்சேரிக் கன்றுக்கு உடம்பெல்லாம் கட்டி. கழுத்திலும் தோள்பட்டையிலும்தான் அதிகம். ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அகலம். தொட்டால் உள்ளே கெட்டியாக இருக்கிறது. பிறவிச் செம்பழுப்பு போய்ச் சாம்பல் நிறம் ஏறுகிற வயது. கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் மயிர் குத்திட்டு நிற்கிறது. கண்ணில் நீர், மூக்கில் சளி. பால் குடிக்கவும் தாயிடம் போகவில்லை.

மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தோல் கழலை நோய் என்றார். "தனியா கட்டுங்க. ஈ, கொசு, உண்ணி எதுவும் அண்டக் கூடாது. அதுதான் முக்கியம்."

சித்தப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "கொசு கடிச்சு மாட்டுக்கு அம்மை வருமா டாக்டர்?"

"வரும் ஐயா. முயலுக்கு இப்படித்தான் வந்துச்சு. ஆஸ்திரேலியாவுல கோடிக்கணக்குல செத்துச்சு."

விலங்கியல் பாடம் எடுக்கிறவன் நான். இந்த முயல் கதை எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. ராத்திரி தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

அக்டோபர் 9

நம் பக்கம் கொசு என்றால் மலேரியா, டெங்கு. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேரவே நாளாகும். டெங்கு வைரஸும் கொசுவுக்குள் பெருகியாக வேண்டும். முயலைக் கொன்ற மிக்சோமா வைரஸ் கொசுவுக்குள் பெருகுவதே இல்லை. நோய் கண்ட முயலின் தோலில், கட்டி இருக்கும் இடத்தில் கொசு குத்துகிறது. அங்கே மண்டிக் கிடக்கும் வைரஸ் அதன் வாய்க்குழலில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த முயலைக் குத்தும்போது அங்கே இறங்கிவிடுகிறது. கழுவாத ஊசியை அடுத்த ஆளுக்குப் போட்ட மாதிரி.

அதனால் இன்ன கொசு என்ற கணக்கே கிடையாது. தோலைக் குத்துகிற எதுவும் போதும். கொசு, தெள்ளுப்பூச்சி, கடிக்கிற ஈ எல்லாம் சேர்த்தி. தோல் கழலை வைரஸும் மிக்சோமாவும் ஒரே அம்மைக் குடும்பம், பரவும் வழியும் ஏறக்குறைய இதேதான். டாக்டர் சும்மா சொல்லவில்லை.

மிக்சோமா வைரஸின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அங்குள்ள காட்டு முயலுக்கு அதனால் சின்னக் கட்டி ஒன்று வந்து போகும், அவ்வளவுதான். 1896இல் உருகுவேயின் மொன்டேவீடியோவில் சனரெல்லி என்பவரின் ஆய்வுக்கூடத்து ஐரோப்பிய முயல்கள் திடீரென்று செத்தபோதுதான் இப்படி ஒரு நோய் இருப்பதே தெரிய வந்தது. பூச்சிதான் கடத்துகிறது என்று பிறகு காட்டியவர் பிரேசிலின் அரகாவ். ஒரு முயலுக்குச் சின்னக் கட்டி, இன்னொரு முயலுக்குச் சாவு. நடுவில் ஒரு கொசு.

அக்டோபர் 11

மழை. முள்ளியாறு கரை தொட்டு ஓடுகிறது. கன்று கொஞ்சம் கஞ்சி குடித்தது.

ஆஸ்திரேலியக் கதையை ஒரு கடைமடைக்காரன் படித்தால் வேறு மாதிரி புரியும். 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டை ஆசையில் சில முயல்களைக் கொண்டுவந்து விட்டார். 1950 வாக்கில் அது 60 கோடி ஆகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். புல்லையெல்லாம் தின்று தீர்த்தன. இந்த வைரஸை விட்டுப் பார்க்கலாம் என்று ஜீன் மக்னமாரா என்ற பெண் மருத்துவர் 1930களிலிருந்தே விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 1950இல் முர்ரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் முயல்களுக்கு ஊசி போட்டு விட்டார்கள். விட்ட முயல்கள் செத்தன, பக்கத்தில் சில செத்தன, அத்தோடு அடங்கிவிட்டது. தோற்றுவிட்டோம் என்றே நினைத்தார்கள்.

டிசம்பரில் ஆற்றோரமாக முயல்கள் சாகிற செய்தி வரத் தொடங்கியது. அங்கே டிசம்பர் கோடைக்காலம். அந்த வருஷம் மழையும் அதிகம். ஆற்றோரப் பள்ளங்களில் தேங்கிய நீரில் கொசு கிளம்பி, ஆற்றை ஒட்டியே நோயைக் கொண்டுபோயிருக்கிறது. தண்ணீர் இல்லாத மேட்டு நிலத்துக்கு அது சரியாகப் போய்ச் சேரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க 1968இல் ஐரோப்பாவிலிருந்து முயல் தெள்ளுப்பூச்சியையே கொண்டுவந்து விட்டார்கள்!

வாய்க்காலில் தண்ணீர் வந்த பதினைந்து நாளில் சாயங்காலம் திண்ணையில் உட்கார முடியாமல் போகிற ஊரில் இருக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 13

"கன்னுக்கு வந்தது பிள்ளைங்களுக்கு ஒட்டுமாடா?" என்று சித்தி கேட்டாள். ஒட்டாது, பாலை நன்றாகக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்று டாக்டர் சொன்னதையே சொன்னேன். சித்தியின் பயம் புதிதும் இல்லை. 1951இல் முர்ரே ஆற்றோரம் மில்டியூரா பக்கத்தில் மனிதருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. முயல் நோய்தான் மனிதருக்குத் தாவிவிட்டது என்று ஊர் கொதித்தது. அது உண்மையில் வேறு வைரஸ், அதையும் கொசுதான் கடத்தியது. மக்கள் நம்ப வேண்டுமே. மக்பர்லேன் பர்னெட், பிராங்க் பென்னர், இயான் குளூனிஸ் ராஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் மூன்று பேரும் மிக்சோமா வைரஸைத் தங்கள் உடம்பிலேயே ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. வைரஸைக் காட்டில் விட்ட வேலையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஜனங்களின் பயத்துக்கு இப்படி முன்வந்து பதில் சொன்னதை மதிக்கிறேன்.

அக்டோபர் 14

வேப்பந்தழையும் நொச்சியும் போட்டு மூட்டம். கொட்டகைக்குப் பின்னால் தேங்கிய மூத்திரக் குட்டையை வெட்டி வடிய விட்டோம். சாணக் குவியலைத் தள்ளிப் போட்டாயிற்று. கடிக்கிற ஈ அங்கேதான் முட்டை வைக்கும்.

அக்டோபர் 17

வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். முதல் அலையில் நோய் கண்ட முயல்களில் 99.8 சதவீதம் செத்தன என்றதும் வகுப்பே அமைதியானது. கண்ணிமை வீங்கி மூடிக்கொள்ளும், காது அடியில் கட்டி, மூக்கு அடைத்து மூச்சு திணறும், கண் தெரியாமல் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும் என்றேன். இரண்டே வருஷத்தில் வைரஸின் கொடுமை குறைய ஆரம்பித்தது என்றபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "சார், வைரஸ் திருந்திடுச்சா?" என்றான்.

நல்ல கேள்வி. ஒரு மணி நேரம் அதிலேயே போயிற்று. பென்னர் ஆண்டுதோறும் காட்டிலிருந்து வைரஸைச் சேகரித்து, ஆய்வுக்கூட முயலுக்குக் கொடுத்து, எத்தனை நாளில் சாகிறது என்று பார்த்து ஐந்து தரமாகப் பிரித்தார். முதல் தரம் 13 நாளுக்குள் கொன்றுவிடும். மூன்றாம் தரம் 17 முதல் 28 நாள் எடுக்கும், நூற்றில் ஐந்திலிருந்து முப்பது வரை பிழைக்கும். சில வருஷங்களில் காட்டில் நிறைந்திருந்தது இந்த நடுத்தரம்தான்.

காரணம் கொசு. முயல் சீக்கிரம் செத்துவிட்டால் கொசு வந்து குத்த நாள் இல்லை. மூன்று நான்கு வாரம் கட்டியோடு உயிரோடு கிடந்தால் எத்தனை கொசு வந்து போகும்! ஐந்தாம் தரம் போல ரொம்பச் சாதுவாக இருந்தாலும் ஆகாது. கட்டியில் வைரஸ் குறைவு, வாய்க்குழலில் ஒட்டாது. எந்த வைரஸ் பிழைக்கும் என்று கொசு பொறுக்கி எடுத்திருக்கிறது. முயல்களிலும் தாங்கும் உடம்பு உள்ளவை பிழைத்துக் குட்டி போட்டன. பரிணாமத்தை நம் கண்முன்னே, வருஷம் வாரியாகப் பார்க்கக் கிடைத்த உதாரணம் இதைப் போல எனக்கு வேறு தெரியாது. பாடப்புத்தகத்தில் இதற்கு இரண்டு பக்கம் கொடுக்கலாம்.

அந்தப் பையனிடம், "திருந்தவில்லை, அது இன்னும் கொன்றுகொண்டுதான் இருந்தது" என்றேன்.

அக்டோபர் 20

இன்று படித்ததில் கோபம் வந்தது. 1952இல் பிரான்சில் அர்மான்-தெலீல் என்ற மருத்துவர், தன் தோட்டத்து முயலை ஒழிக்க இந்த வைரஸை வரவழைத்து இரண்டு முயலுக்குப் போட்டு விட்டார். சுற்றுச்சுவர் இருக்கிறது, வெளியே போகாது என்று நம்பினாராம். அடுத்த ஆண்டே அது கடல் தாண்டி இங்கிலாந்தின் கென்ட் பக்கம் வந்துவிட்டது. அங்கே கடத்தியது பெரும்பாலும் முயல் தெள்ளுப்பூச்சி. அது முயலோடு எவ்வளவு ஒட்டிய பிறவி என்றால், சினை முயலின் ரத்தத்தைக் குடித்தால்தான் அதன் முட்டையே முதிரும். பூச்சி ஆராய்ச்சியாளர் மிரியம் ராத்ஸ்சைல்ட் கண்டுபிடித்தது இது. முயல் செத்து உடம்பு ஆறினதும் தெள்ளு இறங்கி அடுத்த முயலைத் தேடும். வளைக்குள் மாதக்கணக்கில் வைரஸை வைத்திருக்கும்.

1955க்குள் பிரிட்டனின் முயல்கள் பெரும்பாலும் போய்விட்டன. முயல் மேயாமல் புல் உயர்ந்தது, தரை குளிர்ந்தது, ஒரு வகை எறும்பு குறைந்தது. அந்த எறும்புப் புற்றில் புழுவாக வளரும் பெரிய நீல வண்ணத்துப்பூச்சி 1979இல் அந்த நாட்டிலிருந்தே மறைந்தது. ஸ்பெயினில் முயலை நம்பி வாழ்ந்த ஐபீரியச் சிவிங்கிப் பூனைக்கும் வேட்டையும் சாலையும் இந்த நோயும் சேர்ந்து அடி. 2002இல் நூற்றுக்கும் கீழே.

அக்டோபர் 24

வேதாரண்யம் போய் வந்தேன். டீக்கடையில் காட்டுப்பன்றி பற்றிப் பேச்சு. ராத்திரியில் வந்து கொல்லையை உழுதுவிட்டுப் போகிறது, அவர்கள் கஷ்டம் நிஜம். ஒருவர், "ஆஸ்திரேலியாக்காரன் முயலுக்குச் செஞ்ச மாதிரி எதாவது நோயைக் கொண்டாந்து விடணும்" என்றார். விடாமல் பேசினேன். பூச்சி வேலி பார்க்காது அண்ணே, எந்த மிருகத்தைக் குத்தணும் என்று நம்மைக் கேட்காது என்றேன். 2018இல் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நடந்ததைச் சொன்னேன். அத்தனை வருஷம் வளை தோண்டி வாழும் குழிமுயலை மட்டுமே பெரிதாகத் தாக்கிய மிக்சோமா, மாறிப்போய் அங்குள்ள வளை தோண்டாத காட்டு முயலையும் கொல்லத் தொடங்கியது. அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கேட்டார்.

கோடியக்கரைக் காட்டில் கறுப்புப் பிடரி முயல் இருக்கிறது. வளை தோண்டாது, புதருக்கடியில் பள்ளத்தில் படுக்கும். அதற்கு இந்த நோய் வரக் கூடாது. எந்த நாட்டு முயலையும் செல்லப்பிராணி என்று சோதனை இல்லாமல் உள்ளே விடக் கூடாது.

அக்டோபர் 29

கன்றின் கட்டிகள் காய்ந்து பொருக்கு உதிர்கின்றன. ஊரில் மற்ற மாடுகளுக்கு ஆட்டம்மைத் தடுப்பூசி போட்டாயிற்று.

என் மாணவி ஒருத்தி வீட்டில் வெள்ளை முயல் வளர்க்கிறார்கள். அவளுடைய அப்பா பயந்துபோய் வந்தார். முயலுக்கு இன்னொரு நோயும் உண்டு, ரத்தக்கசிவு நோய் என்று சொன்னேன். 1984இல் சீனாவில் தெரிய வந்தது, வேறு குடும்பத்து வைரஸ். ஆஸ்திரேலியாவில் 1995இல் வார்டாங் தீவில் வைத்து அதைச் சோதித்தார்கள். சோதனை முடியுமுன்பே அது தீவைத் தாண்டிக் கரையேறியது. கடிக்காத சாதாரண ஈக்கள் மேல்தான் சந்தேகம். செத்த முயல்மேல் மொய்த்த ஈயின் எச்சத்தில்கூட வைரஸ் இருக்கும்.

"அப்போ என்ன சார் செய்யறது?"

கூண்டைச் சுற்றிலும் கொசுவலை, மேலே மட்டும் போதாது. கூண்டுக்கடியில் புழுக்கையும் ஈரமும் தங்கக் கூடாது. புதிதாக வாங்கும் முயலை இரண்டு வாரம் தனியாக வைக்க வேண்டும். காட்டு முயல் மேயும் இடத்துப் புல்லை அறுத்துவந்து போட வேண்டாம். அவரிடம் பழைய மீன்வலை இருக்கிறதாம், அது ஆகுமா என்றார். கண் பெரிது, ஆகாது. நாளைக்குத் திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் நைலான் கொசுவலை மீட்டர் கணக்கில் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். சித்தப்பா கொட்டகை ஜன்னலுக்கும் சேர்த்து வாங்கிவரப் பணம் கொடுத்தேன்.