குறைஞ்சிருக்கு, அக்கா

நான் சொன்னது பொய்யில்லை. முதல் நாள் இரத்தத்தில் 1840 ஆக இருந்த அமிலேஸ் என்ற நொதியம் மறுநாள் பின்னேரம் 610. யார் கணக்குப் பார்த்தாலும் அது குறைவுதான். லேப் யன்னலுக்கு வெளியே நின்ற அக்கா, "எப்பிடித் தம்பி, கூடியிருக்கோ குறைஞ்சிருக்கோ?" என்று கேட்டார். "குறைஞ்சிருக்கு, அக்கா. பாதிக்கு மேலை குறைஞ்சிருக்கு" என்றேன்.

ஒரு மணித்தியாலம் ஆகியிருக்காது. வாட்டிலிருந்து டொக்டர் ரெலிபோன் எடுத்தார். எங்களிடம் வந்து சில மாதங்களே ஆன பிள்ளை.

"அண்ணா, நாலாம் கட்டில் ஐயான்ரை மனுசிக்கு நீங்கள் ஏதும் சொன்னனீங்களோ?"

"அமிலேஸ் குறைஞ்சிருக்கெண்டு சொன்னனான்."

"யாழ்ப்பாணம் அனுப்பக் கேட்டன், மாட்டினமாம். இரத்தத்திலை எல்லாம் குறைஞ்சிட்டுது, லேப் தம்பியே சொல்லிட்டார், பிறகேன் ஏத்துறியள் எண்டு கேக்கினம்."

கொஞ்ச நேரம் நான் பேசவில்லை. பிறகு, "நான் சொன்னது பொய்யில்லைத்தானே, டொக்டர்" என்றேன்.

"பொய்யில்லை, அண்ணா."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சொல் சொல்லி, அத்தோடு மறந்திருப்பேன். அந்தப் பிள்ளை கோபிக்கவில்லை.

நோயாளியின் ஆட்களுக்கு றிப்போட்டைப் பற்றி நாங்கள் வாய் திறக்கக்கூடாது. எண்ணைத் தாளில் எழுதி வாட்டுக்கு அனுப்புவதோடு எங்கள் வேலை முடிந்தது, பொருள் சொல்வது டொக்டரின் வேலை. ஆனால் வன்னியில் லேப் யன்னலில் நின்றவர்களுக்குத் தெரியும், அந்த விதியை ஒரு நாள்கூட முழுதாகக் காப்பாற்ற முடியாது. விடியவே பஸ் ஏறி, கையில் ஒரு பிளாஸ்க்கோடும் துவாயோடும் வந்து நிற்கிற சனத்திடம் "டொக்டரிட்டைக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்ப எனக்கு வராது. அந்த அக்காவுக்கு வேறு பாரமும் இருந்தது. காலபோக வெள்ளாண்மை முற்றி நின்றது, வெட்டு மெசினுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். வாட்டில் அரைவாசிப்பேர், இது கசிப்புச் சாராயம் குடித்து வந்த வருத்தம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "அவர் வாயிலை வைக்கிறேல்லைத் தம்பி" என்று என்னிடமும் இரண்டு தரம் சொன்னார். பித்தப்பைக் கல்தான் காரணம் என்று பிறகு ஸ்கானில் தெரிந்தது. கல்லுக்காக மன்னிப்புக் கேட்க ஒருவரும் வரவில்லை.

அப்படிப்பட்டவரிடம் "குறைஞ்சிருக்கு" என்று சொன்னது பிழையா? அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருந்தால் இவ்வளவு யோசிக்கமாட்டேன். "பாதிக்கு மேலை" என்பதை அவர் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தேன். முதல் சொல்லுக்கே அவர் முகம் கொஞ்சம் இளகியது. இன்னும் இளகட்டும் என்று சேர்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஐயாவுக்குப் பழுதான உறுப்பு எங்கள் பாடப்புத்தகங்களில் சதையி, இந்தியப் புத்தகங்களில் கணையம். அது அழற்சியடைந்தால் அமிலேஸ் இரத்தத்துக்குள் கசியும். சாதாரண அளவின் மேல் எல்லையைப்போல மூன்று மடங்குக்கு மேலே வந்தால் நோய் இதுதான் என்று சொல்லலாம். அதோடு அந்த எண்ணின் வேலை முடிந்தது. நோய் எந்தப் பக்கம் போகப்போகிறது என்று அது சொல்லாது. சிறுநீரகம் அதைக் கழித்துக்கொண்டே இருக்கும், ஆள் தேறினாலும் தேறாவிட்டாலும் மூன்று முதல் ஐந்து நாளில் அநேகமாக இறங்கிவிடும். இரணைமடுக் குளத்தில் தண்ணி இறங்கியிருக்கு என்று ஒருவன் வந்து சொன்னால், அந்த அக்காவின் புருசன் முதலில் கேட்கக்கூடியது, "வாய்க்காலாலை போச்சுதோ, கட்டு உடைஞ்சு போச்சுதோ?" என்பதாகத்தான் இருக்கும். நான் தண்ணி இறங்கினதை மட்டும் சொன்னவன்.

இதையெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன் என்று எழுதினால் எனக்கு வசதி. படிக்கிற காலத்திலேயே சொல்லித் தந்தார்கள். 1974இல் நியூயோர்க்கில் ரான்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், இந்த நோய் கடுமையாகுமா என்று பார்க்கப் பதினொரு அடையாளங்களை வகுத்தார். ஐந்தை நோயாளி வந்தவுடன் பார்க்க வேண்டும், ஆறை 48 மணித்தியாலத்துக்குள். வயது, வெள்ளணு, சீனி, கல்சியம், யூரியா எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அமிலேஸ் இல்லை. பரீட்சைக்கு அதைப் பாடமாக்கிய ஞாபகம்கூட இருக்கிறது.

அன்றைக்கு அமிலேஸோடு வேறு தாள்களும் என் மேசையில் இருந்தன. யூரியா 38இலிருந்து 62க்குப் போயிருந்தது. புத்தகங்கள் அதை யூரியா நைதரசனாகக் கொடுக்கும், நாங்கள் முழு யூரியாவாகக் கொடுக்கிறோம். 2.14ஆல் பிரித்தால் 29. 25க்கு மேலே போனால் ஆபத்துக் கணக்கில் ஒரு புள்ளி. அழற்சி இருந்தால் கூடுகிற சி.ஆர்.பி. என்ற புரதத்தை நாங்கள் கறுப்புச் சிலைட்டில் லேற்றெக்ஸ் துளி விட்டு, ஆட்டி ஆட்டி, வெள்ளைத் துணிக்கை திரளுதோ என்று லைற்றுக்குக் கீழே கண்ணால் பார்த்தே சொன்னோம். இரட்டிப்பாக ஐதாக்கிக்கொண்டு போகவேண்டும். 6, 12, 24, 48, 96. நூல்கள் 150 என்ற எண்ணைத் தாண்டுகிறதா பார் என்கின்றன. எங்கள் சிலைட்டில் 150 கிடையாது, 96க்கு அடுத்தது 192. அன்றைக்கு 96இல் திரண்டது, 192இல் திரண்டதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. 96 என்று எழுதினேன். அதில் எனக்குக் குற்ற உணர்வு இல்லை. அது ஈரல் செய்து அனுப்புகிற பொருள், இரண்டு நாள் போனால்தான் அதன் பேச்சுக்கு மதிப்பு.

என்னை வதைப்பது பி.சி.வி., இரத்தத்தில் செவ்வணு நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற கணக்கு. முதல் நாள் 45. இரவு முழுக்கச் சேலைன் ஏறின பிறகு 49. தண்ணி ஏற்ற ஏற்ற இரத்தம் ஐதாக வேண்டும். தடித்தால், ஏற்றுகிற தண்ணி குழாய்க்குள் நிற்கவில்லை, வெளியே கசிகிறது. இது டெங்கு நோயாளியின் கதையேதான். அது டெங்கு மாதம். காலையிலிருந்து நூற்றுக்குக் கிட்ட எப்.பி.சி. என்ற இரத்த அணுக் கணக்குப் போட்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் பிளேற்லெற்றையும் பி.சி.வி.யையும் பார்த்து, ஏறினவர்களின் பேரைச் சிவப்பால் வட்டமிட்டு வாட்டுக்கு நானே எடுத்துச் சொன்னேன். அதே 45உம் 49உம் ஒரு டெங்குப் பிள்ளையின் பேரில் வந்திருந்தால் அன்றைக்கும் அடித்துச் சொல்லியிருப்பேன். நாலாம் கட்டில் ஐயாவின் தாளில் "காய்ச்சல்" என்று எழுதியிருக்கவில்லை. அதனால் வட்டம் போடவில்லை.

இதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. ரான்சனின் பட்டியலில் பி.சி.வி. இரண்டு நாளில் பத்துக்கு மேலே இறங்கினால் கெட்ட அடையாளம். பின்னர் வந்த ஆய்வுகளில் 44க்கு மேலே நின்று முதல் நாளில் இறங்காவிட்டால் கெட்ட அடையாளம். இறங்கினாலும் ஏறினாலும் கெட்டது என்றால் யன்னலில் நிற்கிற மனுசிக்கு நான் எதைச் சொல்வது? இப்படிக் கேட்டு என்னைத் தேற்றிக்கொள்வேன். அப்புறம், அந்த மனுசிக்கு ஒன்றுமே சொல்லத் தேவையில்லையே, டொக்டருக்கு ஒரு ரெலிபோன் போதுமே என்று தோன்றும்.

அந்த ரெலிபோன் அவரிடமிருந்தே வந்தது. அதற்குப் பிறகாவது எழுந்து போயிருக்கலாம். லேப்பிலிருந்து வாட்டுக்கு நாற்பது அடி எடுத்து வைத்தால் போதும். "அக்கா, நான் சொன்னது ஒரு எண்ணை மட்டும். மற்றது ரெண்டும் ஏறியிருக்கு. டொக்டர் சொல்லுறதைக் கேளுங்கோ." இதைச் சொல்ல ஒரு நிமிடம் போகாது. ஏன் போகவில்லை? அந்த நேரம் எப்.பி.சி. மெசின் அடைத்துவிட்டது, அதைக் கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டில் மனுசிக்கும் இதைத்தான் சொன்னேன். ஒரு வருடமாக அப்படியே நம்பினேன்.

போன தை மாதம் கணக்கெடுப்புக்காகப் பழைய கொப்பிகளைத் தட்டியபோது அந்த நாளின் பக்கம் வந்தது. மெசின் அடைத்ததும் கழுவியதும் என் கையெழுத்தில் இருக்கிறது. நேரம் இரவு 8.10. டொக்டர் எடுத்தது ஏழு மணிக்கு முன்னர். இடையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. தேத்தண்ணி குடித்திருப்பேன்.

விடியப்புறம் ஐயாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்க, அம்புலன்சில் ஏற்றினார்கள். பரந்தன் தாண்டி, ஆனையிறவு தாண்டி, ஒட்சிசனோடு போனாராம். யாழ்ப்பாணத்தில் ஐ.சி.யூ.வில் பல நாள். வெள்ளாண்மையை அயலவர்கள் வெட்டிக் கொடுத்தார்கள்.

முதல் நாள் இரவே போயிருந்தால்? இதை டொக்டரிடம் ஒரு தரம் கேட்டேன். "தெரியாது அண்ணா" என்றார். இந்த நோயைத் திருப்புகிற மருந்தென்று ஒன்றில்லை. சேலைன், நோவுக்கு மருந்து, சாப்பாடு, உறுப்புகள் களைத்தால் தாங்கிப்பிடிக்க மெசின். சேலைனைக்கூட அள்ளி ஊற்றினால் நன்மை கூடவில்லை, உடம்பில் நீர் கட்டுகிறதுதான் கூடுகிறது என்று 2022இல் வந்த ஆய்வு காட்டியது. பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்று நான் வாதிடலாம். மாறியிருக்காது என்று தெரிந்துகொண்டா அன்றைக்கு நான் கதிரையில் இருந்தேன்?

ஐயா தப்பிவிட்டார். இரண்டு மாதத்துக்கு மேல் கழித்து, சேட்டுக்குள்ளே ஆளே இல்லாததுபோல வந்தார். சதையி பழுதானதில் சீனி வருத்தம் வந்துவிட்டது, இன்சுலின் போடுகிறார். மாதம் ஒருக்கால் எங்களிடம்தான் இரத்தம் கொடுக்கிறார். முதல் தரம் வந்தபோது அக்கா ஒரு பையில் புது அரிசி கொண்டு வந்தார். "அண்டைக்கு நீங்கள் சொன்ன சொல்லாலைதான் தம்பி அந்த இரவு ஒரு கண் மூடினனான்" என்றார். அரிசியை வாங்கினேன். பொங்கிச் சாப்பிட்டோம், நல்ல அரிசி.

அதற்குப் பிறகு அவர் கேட்கும்போதெல்லாம் "டொக்டரிட்டைக் காட்டுங்கோ, அக்கா" என்கிறேன். ஏதோ கூடாத சேதி என்று அவர் முகம் சுருங்கும். சீனி 118 வந்த அன்றைக்கும் அதையேதான் சொன்னேன், அன்றைக்கும் சுருங்கியது.

இப்போது என்னிடம் கேட்பதில்லை. புதிதாக வந்திருக்கிற பிள்ளை யன்னலில் நிற்கிற நாளாகப் பார்த்து வருகிறார். போன கிழமை நான் மெசினுக்கு முன்னால் இருக்க, பின்னால் கேட்டது. "கூடியிருக்கோ, குறைஞ்சிருக்கோ, பிள்ளை?"

"குறைஞ்சிருக்கு, அம்மா. நல்லாக் குறைஞ்சிருக்கு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த குப்பியை எடுத்து, மூடியைக் கழற்றி, மெசினில் வைத்தேன்.