பூட் லாகில் ஒளிந்திருந்த இரண்டு நிமிடம்

பழைய டெஸ்க்டாப் ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டது. உபுண்டு பக்கத்திலேயே இன்னொரு லினக்ஸைப் போட்ட நாளிலிருந்து, உபுண்டு பூட் ஆக இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தது.

முதல் வேலையாக, லினக்ஸைக் கிளப்பிவிடும் கிரப் நிரலின் கோப்பில் இருந்த ‘குவையட் ஸ்பிளாஷ்’ இரண்டையும் தூக்கினேன். பூட் செய்திகளை மறைத்து லோகோ காட்டுபவை அவை. அந்த லோகோ திரை இருக்கும்வரை எதுவும் விளங்காது. உடனே சிவப்பில் கொட்டியவை ‘ஏசிபிஐ பயாஸ் எரர்’ வரிகள். பார்க்கத்தான் பயங்கரம். மதர்போர்டு ஃபர்ம்வேரின் (போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) அட்டவணை தன்னிடம் இல்லாத ஒரு பெயரைத் தேடுகிறது, லினக்ஸின் மையமான கெர்னல் அதைப் புகாராக எழுதி வைத்துவிட்டு மேலே போகிறது. பெரும்பாலும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. நிறத்தை நம்பினால் ஒரு வாரம் இதிலேயே போய்விடும்.

நம்ப வேண்டியது வரியின் தொடக்கத்தில் சதுர அடைப்புக்குள் இருக்கும் எண்ணை. கெர்னல் கிளம்பியதிலிருந்து எத்தனை வினாடி என்ற கணக்கு அது. ஜர்னலை, அதாவது பூட் லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையை, இந்த எண்ணோடு காட்டும் ‘ஷார்ட்-மோனோடானிக்’ வடிவில் ஓடவிட்டு, வரிகளைப் படிக்காமல் எண்களை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு இடத்தில் எண் தாவியது: ஒன்றில் சுமார் 30 வினாடி, இன்னொன்றில் 90.

90 என்றாலே, பூட்டில் மற்ற எல்லாவற்றையும் கிளப்பிவிடும் சிஸ்டம்டிதான். ஒரு சாதனம் வரும் என்று அது காத்திருக்கும் இயல்பான கெடு அவ்வளவு. தாவலுக்கு அடுத்த வரியில் சாதனத்தின் பெயரும் இருந்தது, ஆனால் நடுநடுவே ‘\எக்ஸ்2டி’ என்று குப்பை மாதிரி. குப்பை இல்லை. தான் கவனிக்கும் ஒவ்வொன்றுக்கும் வைக்கும் ‘யூனிட்’ பெயரில் சிஸ்டம்டி சாய்கோட்டை ஹைஃபனாக மாற்றி எழுதும். அதனால் நிஜ ஹைஃபனை அப்படியே விட முடியாமல் அதன் ஆஸ்கி எண்ணான 2டி-யைப் போடுகிறது. பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யுயுஐடியில் நான்கு ஹைஃபன் என்பதால் பெயர் முழுக்க அதுவே தெரிகிறது. சிஸ்டம்டி-எஸ்கேப் கருவியில் ‘அன்எஸ்கேப்’ கொடுத்தால் சுத்தமான பாதை கிடைக்கும்.

கிடைத்த யுயுஐடியை, இருக்கும் பார்ட்டிஷன்களைக் காட்டும் பிஎல்கேஐடி பட்டியலோடு ஒப்பிட்டேன். அப்படி ஒரு பார்ட்டிஷனே இல்லை! இரண்டாவது லினக்ஸின் இன்ஸ்டாலர், ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப் பார்ட்டிஷனை மறுபடி ஃபார்மட் செய்து புது யுயுஐடி கொடுத்துவிட்டது. பூட்டில் எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைப்பது என்று சொல்லும் உபுண்டுவின் எஃப்எஸ்டேப் கோப்பு இன்னும் பழையதையே தேடுகிறது. அந்தக் கோப்பின் வரியில் ‘நோஃபெயில்’ (கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை) சேர்த்தாலும் காத்திருப்பு போகும், ஆனால் ஸ்வாப் வராது. அது தீர்வே அல்ல. அங்கே புது யுயுஐடியைப் போட்டேன், 90 வினாடி ஒழிந்தது.

மீதி 30 வினாடிதான் உயிரை எடுத்தது. ஜர்னலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, வெறும் இடைவெளி மட்டும். ரூட் (முக்கியப் பார்ட்டிஷன்) மவுண்ட் ஆவதற்கு, அதாவது இணைக்கப்படுவதற்கு, முன்னால் விழும் இடைவெளி என்பதால், அதுவரை ரேமில் ஓடும் தற்காலிகச் சிறு அமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்மேல் சந்தேகம் வந்தது. அந்தக் கட்டத்தில் ஸ்கிரிப்டுகள் எழுதுவது திரைக்குத்தான் போகும், ஜர்னலுக்கு வராது. மொபைலில் திரையை வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், ‘சஸ்பெண்ட்/ரெஸ்யூம்’ சாதனத்துக்காகக் காத்திருந்து கைவிட்டதாக ஒரு வரி. ஹைபர்னேட்டிலிருந்து (ரேமில் இருப்பதை ஸ்வாப்பில் எழுதிவிட்டு அணைவது) எழ வேண்டுமா என்று பார்க்க அதே பழைய ஸ்வாப்பைத் தேடியிருக்கிறது. இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அடைவில் கான்ஃப்.டி-க்குள் இருக்கும் ‘ரெஸ்யூம்’ கோப்பிலும் எண்ணை மாற்றி, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ ஓட்டியதும் அதுவும் போனது. இந்தக் கடைசிக் கட்டளையை விட்டால் கோப்பை மாற்றியும் பயனில்லை, பூட் ஆகும்போது படிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் அடைத்து வைத்த பிரதியைத்தான்.

அடுத்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு எஸ்எஸ்டி பார்க்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் என்றால் கடையிலேயே டிஸ்கின் நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் விவரத்தைக் காட்டச் சொல்லி வாங்குவதாக எண்ணம். அதில் ஸ்வாப் பார்ட்டிஷனே வைக்கப்போவதில்லை, ஒவ்வொரு லினக்ஸுக்கும் தனி ஸ்வாப் கோப்பு. ஹைபர்னேட் வேண்டுமானால் அந்தக் கோப்பு டிஸ்கில் தொடங்கும் இடத்தை, அதாவது ‘ரெஸ்யூம் ஆஃப்செட்’டையும் கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். அதை இன்னும் தொடவில்லை.