மார்க்கெட் கடை இடிபடும் முன்: கேசட்டுகளை எந்த வரிசையில் எடுப்பது?

நீலகிரி மலையில் ஒரு மார்க்கெட் கட்டடத்தை இடிக்க நாள் குறித்துவிட்டால் முதலில் கரண்டைத்தான் துண்டிப்பார்கள். அதனால் நாற்பது வருஷ ரெக்கார்டிங் சென்டரைக் காலி செய்யப் போகிறவர்கள், ஒவ்வொரு கேசட்டாகப் போட்டுக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் போகக் கூடாது. இரண்டு பென்சில் செல் போட்ட, போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு வாக்மேன், நெற்றியில் கட்டும் லைட், மெல்லிய பெயின்ட் பிரஷ், பென்சில், ஒரு நோட்டு, முகத்துக்கு என்95 மாஸ்க். இவ்வளவும் கையில் இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

ரெக்கார்டிங் சென்டர் என்றால் இளையவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடையில் எல்.பி. எனப்படும் பெரிய இசைத்தட்டுகள் இருக்கும். வாடிக்கையாளர் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுப்பார், தட்டிலிருந்து அவற்றைக் கேசட்டில் பதிந்து தருவார்கள். 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஆறோ ஏழோ பாட்டு அடங்கும். கணக்குத் தெரியாதவர் எழுதிய லிஸ்டில் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் நறுக்கென்று நின்றுவிடும். எக்கோ, இன்ரிகோ, சங்கீதா, எச்.எம்.வி. தட்டுகளிலிருந்து இப்படி இறங்கிய சினிமாப் பாட்டு பெரும்பாலும் இன்று தொலைந்து போகவில்லை, போனில் தட்டினால் வருகிறது. மலைக்கடையில் வேறொரு சரக்கும் இருந்தது. இந்த மலையின் படுகர் மக்களுடைய பாட்டுக் கேசட்டுகள், அவர்கள் தெய்வமான ஹெத்தையம்மன் பண்டிகையில் நேரடியாகப் பிடித்தவை, கோத்தர் பழங்குடியினரின் குழலும் மேளமும், சர்ச் கொயர், தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புக் கோவில் திருவிழாவின் நாதஸ்வரம். பெரிய கம்பெனி எதுவும் வெளியிடாத இவற்றில் பலவற்றுக்கு அந்த ஒரு கேசட்டை விட்டால் வேறு பிரதி இருக்காது.

லண்டனில் ஆஸ்டோரியா அரங்கம் ரயில் பாதைத் திட்டத்துக்காக 2009 ஜனவரியில் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அங்கே பாடியவர்களின் ஒலிப்பதிவும் படமும் டிக்கெட் துண்டும் உலகமெங்கும் சிதறிக் கிடப்பதால் கட்டடம் போயும் ஏதோ மிஞ்சியிருக்கிறது. சென்னையில் பழைய மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தபோது கிராமபோன் தட்டுக் கடைகளும் சேர்ந்தே போயின. ஆனாலும் அச்சடித்து விற்ற தட்டுக்கு வேறெங்காவது ஒரு பிரதி இருக்க வாய்ப்புண்டு. மலை மார்க்கெட் கடை போனால் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

இடிப்பு நோட்டீஸ் வந்த வாரமே பழைய சாமான் வியாபாரி வந்துவிடுவார். படம் போட்ட அட்டையுடன் இருக்கும் எல்.பி.களை மொத்தமாக விலை பேசுவார், கேசட்டுகளைக் காலால் ஒதுக்குவார். ஊர்க்காரர்களும் எல்.பி. போய்விட்டதே என்றுதான் வருத்தப்படுகிறார்கள். தட்டை அவருக்கே விற்றுவிடுங்கள், அந்தப் பணத்தில் லாரி வாடகை கொடுக்கலாம். பார்க்க வேண்டியது அவர் ஒதுக்கிய மூலையைத்தான்.

ஏன் பொறுக்கி எடுக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கேசட்டை வேகமாக ஓட்டி நல்ல பிரதி எடுக்க முடியாது. 60 நிமிட கேசட்டுக்கு 60 நிமிடம், திறந்து பார்த்து, சுத்தம் செய்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டைச் சரிசெய்ய இன்னொரு அரை மணி. ஒரு டெக்கில், அதாவது கேசட் ஓட்டும் கருவியில், ஒரு நாளைக்கு ஆறு ஓட்டினால் நல்ல வேகம். 100 கேசட்டுக்குப் பதினேழு நாள். கடையில் இரண்டாயிரம் இருந்தால் ஒரு நாள்கூட விடாமல் ஓட்டினாலும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். ஆகவே கடையில் நிற்கும்போதே முதல் நூறு எது என்று தெரிய வேண்டும்.

கையால் எழுதிய அட்டை, ஜெராக்ஸ் எடுத்த அட்டை, தமிழ் எழுத்தில் படுகு மொழித் தலைப்பு, கம்பெனி எண் இல்லாதது: இவற்றை உடனே தனியே வையுங்கள். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ் இருக்கும். அவை உடைக்கப்பட்டிருந்தால் யாரோ இதை அழிக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். அதுவே நல்ல அடையாளம். ‘மாஸ்டர்’ என்று எழுதியிருந்தால் பேசவே வேண்டாம், அதிலிருந்துதான் மற்ற பிரதிகள் போயிருக்கும். இது குரோம் டேப் என்ற உயர்தர டேப்பாகவும் இருக்கலாம், அப்படியானால் தாழ்களை ஒட்டியே இன்னொரு பள்ளம் தெரியும். ராக்கிலிருந்து எடுக்கும் முன் அடுக்கு வாரியாகப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எதற்குப் பக்கத்தில் எதை வைத்தார் என்பது பெயரில்லாத கேசட்டை அடையாளம் காணப் பல நேரம் உதவும். எண் போடுவதைப் பென்சிலால் உள் அட்டையில் போடுங்கள்.

எந்தக் கேசட்டையும் பிளேயரில் போடும் முன் தாழ் உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். இருட்டில் தவறிப்போய் ரெக்கார்டு பட்டன் அமுங்குவது நடக்கிற காரியம்தான். அடுத்து, கேசட்டின் நடுவில் உள்ள சிறு ஜன்னல் வழியாக டேப் சுருளை லைட் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாக மாவு பூத்தது போல இருந்தால் பூஞ்சை. வாக்மேனில்கூடப் போட வேண்டாம், ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் ஏறும். சுவரை ஒட்டிய வரிசையும் கீழ்த்தட்டும்தான் முதலில் பூக்கும், ஏனென்றால் தகரக் கூரையில் இரவில் படியும் பனி சுவர் வழியே இறங்கி அங்கேதான் தேங்குகிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் இதே நிலைதான். காலி செய்யும் தேதி நம் கையில் இருந்தால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் கேட்டு வாங்குங்கள்.

பூஞ்சை பிடித்ததை ஈரமாக இருக்கும்போது துடைக்கக் கூடாது, இழுவிக்கொண்டு உள்ளே போகும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் ஒரு வாரம் வைத்தால் பூஞ்சை உலர்ந்து தூளாகும். பிறகு வெட்டவெளியில் பிரஷால் தட்டி, பழைய டெக் ஒன்றில் நூல் உதிராத துணியை டேப்பின் மேல் மெல்ல அணைத்துப் பிடித்தபடி ஒருமுறை முழுக்க ஓட்ட வேண்டும். அந்த டெக்கை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

இங்கே ஒரு மலைக் கைவைத்தியத்தைத் தடுத்தாக வேண்டும். பூஞ்சை என்றதும் நம்மவர்கள் நீலகிரித் தைலத்தை எடுத்துவிடுகிறார்கள். கதவுக்கும் பீரோவுக்கும் சரி. கேசட் டப்பாவின் பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும், பளபளப்பு போய் ஒட்டும். அந்துருண்டையும் அதே வேலையை மெதுவாகச் செய்யும். டப்பாவும் உருண்டையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் பெட்டிகளை இந்த ஊர்களில் நிறையப் பார்க்கலாம்.

சரியாகப் பாடாத கேசட் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் ஹெட்டுக்கு எதிரில் டேப்பை அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு பசை காய்ந்து விழுந்திருக்கும், அதனால் சத்தம் மங்கி ஏறி இறங்கும். ஐந்து ஸ்க்ரூ போட்ட கூடு என்றால் திறந்து, மதிப்பில்லாத வேறொரு கேசட்டிலிருந்து அந்தத் துண்டை அதைத் தாங்கும் வில்தகட்டோடு மாற்றலாம். ஒட்டி மூடிய கூடு என்றால் ஓரப் பொருத்தில் பிளேடால் பிளந்து, இரண்டு சுருளையும் வழுக்குத் தாள்களோடு ஸ்க்ரூ கூட்டுக்குக் குடிபெயர்க்க வேண்டும். டேப் அறுந்திருந்தால் அதற்கென விற்கும் ஒட்டு டேப்பைத்தான் போட வேண்டும். செல்லோடேப்பின் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும், ஒரு அறுப்பு மூன்றாகும். 90 நிமிட கேசட்டின் டேப் சுமார் 12 மைக்ரான் தடிமன்தான், 60 நிமிடத்தது 18. மெல்லியது ரோலரில் சுற்றிக்கொள்ளும், எனவே அதை விரைவோட்டம் ஓட்டாதீர்கள். கேசட் துளையில் பென்சிலை நுழைத்துச் சுற்றுவது தொய்வை இழுக்க மட்டும்.

இசைத்தட்டுகளைப் பற்றி இரண்டு வரி. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு அரக்கில் செய்தது, ஸ்பிரிட் பட்டால் கரையும். எல்.பி.யைத் துடைக்கும் திரவத்தை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து உடனே உலர்த்தினால் போதும். எதையும் படுக்கவைத்து அடுக்காமல் நிற்கவையுங்கள்.

பக்கத்துக் கடையை இடிக்கத் தொடங்கியிருந்தால் பொதி கட்டும் முன்பே ராக்கைத் தார்ப்பாயால் மூடுங்கள். சுண்ணாம்புத் தூசி அட்டைக்குள் நுழைந்தால் இசைத்தட்டின் பள்ளத்தை உப்புத்தாள் போலத் தேய்க்கும். கேசட்டுகள் ஒரு அட்டைப்பெட்டிக்கு நூறு, சுமார் எட்டு கிலோ. எல்.பி. ஐம்பதுக்கு மேல் வேண்டாம், பன்னிரண்டு கிலோ ஆகிவிடும். 78 தட்டு இருபத்தைந்து போதும். இடைவெளியில் கசக்கிய தாளை இறுக்கமாகத் திணியுங்கள், கொண்டை ஊசி வளைவில் பெட்டி ஆடாவிட்டாலும் உள்ளே இருப்பது ஆடினால் 78 தட்டு விளிம்பு தெறிக்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் அப்படி 36 வளைவு. பலரும் மறப்பது ஸ்பீக்கர். கடையின் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளும் கேசட்டும் ஒரே லாரியில்தான் போகும். பின்னால் உள்ள காந்தத்துக்கும் கேசட்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு முழம் இருக்கட்டும்.

மலையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ இறக்கினால் பெட்டியை அன்றே திறக்காதீர்கள். ஊட்டிக் குளிரில் கிடந்த டேப்பின் மேல் சமவெளியின் வெதுவெதுப்பான காற்று பட்டால், பிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பது போல வியர்க்கும். மேலேயே தடித்த பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, இறக்கியபின் 24 மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு பிரியுங்கள். எவ்வளவு பக்குவமாகக் காலி செய்தவர்களும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். ஆர்வம் தாங்காது.

பிரதி எடுக்கும்போது நல்ல டெக், சுத்தமான ஹெட், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜிபி, நூறு கேசட்டுக்கு 200 ஜிபி, இரண்டு ஹார்ட் டிஸ்கில் இரண்டு ஊரில். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டனை அணைத்தே வையுங்கள், தேவை என்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முக்கியமானது ஹெட்டின் சாய்வு. கடை டெக்கின் ஹெட் சற்றுச் சாய்ந்திருந்தால் அதில் பதிந்த கேசட் எல்லாம் வேறு டெக்கில் கம்பளி போர்த்தியது போலக் கேட்கும். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டபடி, ஹெட் பக்கத்து ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். ஜால்ராவும் ‘ச’கரமும் பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரே கடையில் பதிந்தவற்றுக்குப் பெரும்பாலும் ஒரே சாய்வு பொருந்தும். கடைக்காரர் தன் டெக்கையே கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லாப்பெட்டிக்குக் கீழே லிஸ்ட் நோட்டுகள் இருக்கும். காலி செய்பவர்கள் முதலில் எரிப்பது இதைத்தான். எந்த ஊரிலிருந்து யார் எந்தப் பாட்டைக் கேட்டார்கள், எந்தப் படுகக் கேசட் எத்தனை பிரதி போனது என்பதற்கு அதைவிட்டால் வேறு கணக்கு இல்லை. ஈரத்தில் ஒட்டிய பக்கங்களைப் பிரிக்க முயலாமல் பட்டர் பேப்பரில் சுற்றி ஃப்ரீஸரில் வையுங்கள், பூஞ்சை அங்கேயே நிற்கும், ஆற அமரப் பார்க்கலாம். காய்ந்த நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் பிடியுங்கள். வாடிக்கையாளர் பெயரும் முகவரியும் இருக்கும், அந்தப் படங்களைப் பொதுவில் போடாதீர்கள்.

கேசட் எண்ணும் நோட்டுப் பக்கமும் பொருந்துகிறதா என்று கடைக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள், புதுக் கட்டடத்தில் அவருக்கு இடம் கிடைக்குமோ கிடைக்காதோ. ஒலிப்பதிவுக்கு நம் சட்டப்படி அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு, ஆகவே யூடியூபில் ஏற்றும் அவசரம் வேண்டாம். படுகப் பாட்டென்றால் பாடியவரையோ அவர் வீட்டாரையோ அவர்கள் ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு)ப் போய்க் கேட்டு, ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். கேசட்டையே நிரந்தரமாக ஒப்படைக்க நினைத்தால் சென்னைத் தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும், 1982-லிருந்து இசைப்பதிவுகளைக் காத்துவரும் குருகிராமின் ஏ.ஆர்.சி.இ. காப்பகத்தையும் கேட்டுப் பார்க்கலாம். கேட்கும்போது எத்தனை கேசட், எந்த மொழி, பூஞ்சை உண்டா இல்லையா, நோட்டு இருக்கிறதா என்ற நான்கையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.