பில் இல்லாமல் வந்த பணம்

2020 ஏப்ரலில் அம்மாவின் தையல் மெஷின் மேசைதான் என் ஆபீஸ். ஊரடங்கு போட்டதும் மானிட்டர், சிபியு எல்லாவற்றையும் கம்பெனி வேனில் ஏற்றி, திருச்சியிலிருந்து லால்குடி வரை கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். மெடிக்கல் பில்லிங்கில் அப்போது நான் பேமென்ட் போஸ்டிங் டீம். எங்கள் கிளையன்ட் அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்தில் உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பேரைச் சொன்னால் வேலை போய்விடும். அதன் வங்கிக் கணக்கில் விழும் ஒவ்வொரு தொகையும் எந்த நோயாளியின் எந்த பில்லுக்கு வந்தது என்று பார்த்து ஏற்ற வேண்டும். கல்யாண மண்டப வாசலில் செருப்புக்கு ஜோடி தேடுகிற வேலைதான்.

ஒரு ராத்திரி ஜோடியே இல்லாமல் ஒரு தொகை வந்து நின்றது, அதுவும் பெரிய தொகை. விவரம் என்ற இடத்தில் 'எச்எச்எஸ் பேமென்ட்' என்று மட்டும் இருந்தது. எச்எச்எஸ் என்றால் அமெரிக்க சுகாதாரத் துறை என்று அப்போது எனக்குத் தெரியாது. க்ளெய்ம் நம்பர் இல்லை, நோயாளி பேர் இல்லை. இன்சூரன்ஸ்காரன் தவறுதலாகப் போட்டுவிட்டானோ, நாளைக்குத் திருப்பிக் கேட்பானோ என்று பயந்துபோய் டீம் லீடுக்கு போன் போட்டேன். "அதைத் தொடாதம்மா, அன்அப்ளைடுல அப்படியே இருக்கட்டும்" என்றார். எந்த பில்லிலும் சேராத பணத்தை வைக்கும் இடம் அது.

கவர்ன்மென்ட் கொடுத்த மானியம் என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கொரோனாவுக்காக மார்ச் மாதம் போட்ட கேர்ஸ் சட்டத்தில் ஆஸ்பத்திரிகளுக்கென்று 100 பில்லியன் டாலர் ஒதுக்கியிருந்தார்கள். அதில் முதல் 30 பில்லியனை, யாரும் விண்ணப்பிக்காமலே, 2019-இல் யாருக்கு எவ்வளவு மெடிகேர் (முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) பணம் போனது என்ற கணக்கை வைத்துப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். மே மாதம் கிராமப்புறத்துக்கென்றே தனியாக 10 பில்லியன் வந்தது. எவ்வளவு சின்ன ஆஸ்பத்திரியானாலும் குறைந்தது 10 லட்சம் டாலர்.

சின்ன ஆஸ்பத்திரிகள் மூடிவிடாமல் இருக்கத்தான் இந்தப் பணம் என்று சொன்னபோது அம்மா கேட்டார். "ஏன்டி, அந்த ஊர்ல ஆஸ்பத்திரியக்கூட மூடுவாங்களா? நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர் இல்லாம இருந்திருக்கு, மாத்திரை இல்லாம இருந்திருக்கு. பூட்டினதே இல்லையே?"

பூட்டுவார்கள். 2010-க்குப் பிறகு அங்கே 100-க்கும் மேற்பட்ட கிராமப்புற ஆஸ்பத்திரிகள் ஒன்று மூடிவிட்டன, இல்லையென்றால் படுக்கை வசதியை நிறுத்திவிட்டன. நம்ம ஊர் நர்ஸுக்குச் சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறது, நோயாளி வந்தாலும் வராவிட்டாலும். அங்கே பில் போட்டால்தான் காசு. ராத்திரி இரண்டு மணிக்கு எமர்ஜென்சியில் ஒரு நர்ஸ் விழித்திருக்கிறார், எக்ஸ்ரே எடுப்பவர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார், ஆனால் யாருமே வரவில்லை என்றால் அந்த ராத்திரிக்கு எந்த பில்லிங் கோடில் பில் போடுவது? கோதுமை வயலும் நாலு தெருவும் இருக்கிற ஊரில் பாதி ராத்திரிகள் அப்படித்தான்.

இதற்காகத்தான் 1997-இல் 'கிரிட்டிகல் ஆக்சஸ் ஹாஸ்பிடல்' என்று ஒரு வகையைக் கொண்டுவந்தார்கள். உள்நோயாளிப் படுக்கை 25-க்கு மேல் கூடாது, பொதுவாக அடுத்த ஆஸ்பத்திரி 35 மைலுக்கு அப்பால் இருக்க வேண்டும், எமர்ஜென்சி 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். இந்த வகை ஆஸ்பத்திரிகள் அதிகம் இருப்பது கான்சாஸில்தான். பதிலுக்கு மெடிகேர் அவர்களுக்குச் செலவுக் கணக்கைப் பார்த்து 101 சதவீதம் கொடுக்கும். இதெல்லாம் காகிதத்தில். 2013-லிருந்து மெடிகேர் பணத்தில் 2 சதவீதம் பிடித்தம் உண்டு, கொரோனா சமயத்தில் மட்டும் கொஞ்ச நாள் விட்டுவைத்தார்கள். ஆக, கைக்கு வருவது கிட்டத்தட்ட 99. ஆஸ்பத்திரி நடத்தத் தெரியாதவர்கள்தான் மூடுகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ரூபாய்க்கு 99 காசு கொடுத்து யாரை எதை நடத்தச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அப்புறம் நான் ஏ.ஆர். காலர் ஆனேன். வராத பணத்தை போன் போட்டுக் கேட்கிற வேலை. அதற்கப்புறம்தான் மானியத்தின் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது.

ஒரு க்ளெய்ம் சொல்கிறேன். பெரிய ஊரில் இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து, நடை பழக ஊருக்குத் திரும்பிய ஒரு பெரியவர். இந்தச் சின்ன ஆஸ்பத்திரிகளில் அதற்கு 'ஸ்விங் பெட்' என்று உண்டு. இன்றைக்கு நோயாளிப் படுக்கை, நாளைக்கு அதே கட்டில் தேறிவருபவர்களுக்கு. அவருடையது நேரடி மெடிகேர் இல்லை, தனியார் கம்பெனி நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ். முதல் ஏழு நாளுக்கு அனுமதி இருந்தது, எட்டாம் நாளிலிருந்து இல்லை என்று டினையல். அப்பீல் போட்டோம். ஃபேக்ஸ் வரவில்லை என்றார்கள். மறுபடி அனுப்பினோம். வந்தது, ஆனால் வேறு துறைக்குப் போய்விட்டது என்றார்கள். ஒரு நாள் 48 நிமிடம் ஹோல்டில் இருந்தேன். அந்த பியானோ மெட்டை என் தங்கை பையன் இப்போது முழுசாகப் பாடுவான்.

இப்படி ஒரு பெரியவருடைய பணம் ஏழெட்டு மாதம் நிற்கும். அந்த இடைவெளியை எந்த மானியமும் நிரந்தரமாக அடைக்காது. ஒரு மழை வரும், தொட்டி நிரம்பும், அடியில் ஓட்டை அப்படியே இருக்கும்.

இப்போது கிராமப்புற மருத்துவத்துக்கென்று புதிதாக 50 பில்லியன் டாலர் வருகிறது. 2025 ஜூலையில் போட்ட சட்டம், 5 வருடத்துக்கு வருடம் 10 பில்லியன். பாதியை மாநிலங்களுக்குச் சமமாகப் பிரிப்பார்கள். 2025 டிசம்பர் கடைசியில் 50 மாநிலங்களுக்கும் முதல் வருடப் பணத்தை அறிவித்துவிட்டார்கள். அதே சட்டம்தான் ஏழைகளுக்கான மெடிகெய்டில் 10 வருடத்தில் 900 பில்லியனுக்கு மேல் குறைக்கிறது. வலது கை கொடுப்பதை இடது கை பிடுங்குகிறது என்றுகூடச் சொல்ல முடியாது, இடது கை ரொம்பப் பெரிசு.

அந்த ஆஸ்பத்திரியின் பில்லிங் ஆபீஸில் ஒரு அம்மா இருக்கிறார். அட்மிஷன், பில், டெலிபோன் போர்டு மூன்றும் அவர்தான். வாரா வாரம் அவரோடு கால் உண்டு, எங்களுக்கு இரவு எட்டு மணி, அவருக்குக் காலை எட்டரை. புதுப் பணத்தில் உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டேன். சிரித்தார். அது புதுத் திட்டம் போடுகிறவர்களுக்குத்தான் அதிகம், சம்பளம் போடுகிறவர்களுக்கு இல்லை என்றார். அவர் நம்பியிருப்பது கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) வரியை. ஊர்க்காரர்கள் சொத்துவரியோடு ஆஸ்பத்திரிக்கென்று தனியாக ஒரு பங்கு கட்டுகிறார்கள். அதைத் தொடர வேண்டுமா என்று கவுண்டி கமிஷனர்கள் அடுத்த வாரம் உட்கார்ந்து பேசப் போகிறார்கள். 90 நாள் தாண்டிய பாக்கி மொத்தத்துக்கும் ஒரு லிஸ்ட் வேண்டும் என்றார், அவர்களிடம் காட்ட.

எடுத்தேன். 61 வரி. அனுப்பி அரை மணி நேரத்தில் பதில் வந்தது, 14-ஆம் வரியை எடுத்துவிடச் சொல்லி. பெரியவருடைய ஸ்விங் பெட் க்ளெய்ம். முந்தின நாள்தான் பணம் விழுந்திருந்தது, எங்கள் பக்கம் இன்னும் ஏற்றவில்லை.

எடுத்துவிட்டு 60 வரியாக மறுபடி அனுப்பினேன்.