மனு வரிசையும் ஒரு விடுப்பு விண்ணப்பமும்

என் தம்பிக்குப் பத்து வருடத் தண்டனை. வாய்க்கால் தகராறு, மண்வெட்டிக் காம்பால் ஒரு அடி, எதிராளி நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அடித்தது அவன்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. 2014 கடைசியில் புழல் மத்திய சிறைக்குப் போனவன், நன்னடத்தைக்கான தண்டனைக் குறைப்பெல்லாம் சேர்ந்து 2021இல் வெளியே வந்தான். இப்போது உள்ளே ஆள் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

மதுராந்தகத்தில் விடியற்காலை பஸ் ஏறினால், சென்னையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் மனு போட வேண்டும். மனு என்றால் கைதியைப் பார்ப்பது; அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அப்போது இரண்டு கம்பி வலை, நடுவில் இடைவெளி. இந்தப் பக்கம் நாற்பது பேர், அந்தப் பக்கம் நாற்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம். "அம்மாவுக்குச் சுகர் ஏறியிருக்கு" என்று நான் சொன்னது அவனுக்கு வேறென்னவோவாகக் கேட்டு, ஒரு வாரம் தூங்காமல் கிடந்திருக்கிறான்.

உள்ளே பேசியதைவிட வெளியே வரிசையில் நின்றபோதுதான் விஷயங்கள் தெரிந்தன. திருத்தணி அக்கா ஒருவர், காசிமேட்டு ஆயா ஒருவர், அப்புறம் கைக்குழந்தையோடு வரும் ஒரு சின்னப் பெண். மேல்முறையீட்டுக்கு வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வைத்துத் தருவார்கள், கேன்டீன் செலவுக்குப் பணத்தை அவன் கணக்கில்தான் கட்ட வேண்டும், விடுதலையானவர்களுக்கு உதவ ஒரு சங்கம் இருக்கிறது, எல்லாம் அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எந்த அலுவலகத்திலும் ஒருவரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை.

மூன்று வருடம் முடிந்ததும் சாதாரண விடுப்பு கேட்டோம். பரோல் என்று நாம் சொல்வதற்குத் தமிழ்நாட்டில் 1982ஆம் வருட விதிகள் இருக்கின்றன. வீடு பழுதுபார்க்க, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, ஏன், நடவு அறுவடைக்குக்கூடக் கேட்கலாம். ஓட்டு வீடு ஒழுகுகிறது என்று எழுதினோம். நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்து விசாரித்தார். இறந்தவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலாவது. அந்த அம்மா, "அவன் இந்தத் தெருவில் நடந்தால் நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்?" என்று கேட்டார். விடுப்பு விண்ணப்பம் தள்ளுபடி. அன்றைக்கு எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. அந்த அம்மா இடத்தில் நான் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன் என்று புரியச் சில மாதம் ஆனது.

"அட்ரஸை மாத்திப் போடும்மா" என்றார் திருத்தணி அக்கா. அவ்வளவுதான் விஷயம். அச்சிறுபாக்கத்தில் அத்தை வீட்டு முகவரி கொடுத்தோம். ஆனால் ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் வேண்டுமே! சித்தப்பா மாடியில் நின்றுகொண்டிருக்க, வீட்டில் "அவர் வெளியே போயிருக்கார்" என்றார்கள். கடைசியில் அத்தை மகனும், தம்பிக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த சாரும் போட்டார்கள். சார் படிவத்தை முழுக்கப் படித்துவிட்டு, "ஓடமாட்டான்ல?" என்று மட்டும் கேட்டார்.

21 நாள். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து. முதல் இரண்டு இரவு அவனுக்குத் தூக்கமே வரவில்லை. உள்ளே ராத்திரி முழுக்க விளக்கு எரியுமாம், இருட்டு ஒத்துக்கொள்ளவில்லை. கொல்லைக்குப் போகவும் "போகட்டுமா அக்கா?" என்று கேட்டான். கெடு முடிந்த அன்று சொன்ன நேரத்துக்கு முன்பே கேட்டில் போய் நின்றுவிட்டான். உள்ளே நடக்கும் வகுப்புகளைக் குறை சொல்லவில்லை, ஆனால் அவனை மாற்றியது சார் போட்ட அந்தக் கையெழுத்துதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். திரும்பிப் போனதும் எட்டாவதோடு நிறுத்திய படிப்பைப் பிடித்துக்கொண்டான். படித்த கைதிகளே பாடம் எடுத்தார்கள். 2019இல் பத்தாவது பாஸ், கணக்கில் 41. அப்புறம் பேக்கரியில் வேலை கொடுத்தார்கள். 2020இல் கொரோனாவால் மனு நின்று, வாட்ஸ்அப் வீடியோவில் முகம் பார்த்ததோடு சரி.

விடுதலைக்கு முன்பே ஒன்றைச் சரி பாருங்கள்: ஆதாரில் இருக்கும் செல் நம்பர். அவனுடையது எப்போதோ செத்துப்போயிருந்தது. ஓடிபி வராமல் வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை எதுவும் நகரவில்லை, இரண்டு மாதம் அலைந்தோம். சங்கத்தின் உதவித் தொகை வருவதற்குள் சாரே ஒரு பேக்கரியில் சொல்லி வைத்துவிட்டார். கடைக்காரர் பழைய கதை எதுவும் கேட்காமல் மாவு பிசையச் சொல்லிப் பார்த்தார். சிறைக் கூலியில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கென்று ஒரு பங்கு பிடித்திருந்தார்கள். அது அந்த அம்மா கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க எங்களுக்கு வாயில்லை.

2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்று அரங்கு போட்டு, சிறை நூலகங்களுக்கு மக்களிடம் நன்கொடையாகப் புத்தகம் வாங்கினார்கள். தம்பியையும் கூட்டிப் போனேன். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் பத்தடி தள்ளியே நின்றுவிட்டான். நான் நாலைந்து புத்தகம் எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து இரண்டைத் திருப்பித் தந்தான். "பெரிய எழுத்தா வாங்குக்கா. அங்க லைட்டு ரொம்ப உசரத்துல இருக்கும்."